நுவரெலியாவில் வேர்த்த கதை

“குளிரல்லியே” என்றாள் ஜெமீலா.

மூத்தவள் ராத்தாவிடம் இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையைக் கழுத்து வரை பூட்டியிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறு. வந்த உடன குளிர் தெரியாது” என்றான் பதியுதீன்.

சாய்ந்தமருதில் பூமிசாத்திரம் படிப்பிக்கும் பதியுதீன் மாஸ்டருக்கு ரயிலை விட்டு இறங்கிய இரண்டாவது நிமிடமே விஷயம் விளங்கிவிட்டது. பொல்காவலையில் வண்டி மாறும்போது தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, “நுவர?” என்று கேட்டிருந்தான். அவசரத்தில் ‘எலியா’ விடுபட்டுப் போனது. போர்ட்டர் கை காட்டிய வண்டியில் புது மனைவியை ஏற்றிவிட்டான். சிங்களத்தில் நுவர என்றால் கண்டி என்பதை, டிக்கட்டை வாங்கிப் பார்த்தவர்தான் இப்போது காதோடு சொன்னார்.

“மாஸ்டர், இது கண்டி. நுவரெலியாவுக்கு இனி நாளைக்குத்தான் போகலாம்.”

நாளை மறுநாள் பாடசாலை தொடங்குகிறது. ஜெமீலாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் சொன்னது எதுவும் அவளுடைய வாப்பா மீராசாப் போடியாரிடம் போகாமல் இருந்ததில்லை. அவரோ கல்யாணம் முடித்த புதிதிலேயே மனைவி ஹாஜறாவையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவைப் பார்த்து வந்தவர். இருபத்தைந்து வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

மூத்த மருமகன் றஸாக் ஒருமுறை, கொழும்பில் கப்பலில் ஏறிப் பார்த்ததாக அளந்து, அவரிடம் பிடிபட்டான். அன்றிலிருந்து அவன் ‘கப்பல் றஸாக்’. அவன் பிள்ளைகளைத் ‘தோணி’ என்கிறார்கள். அந்த ஊரில் பட்டப்பெயர் ஒன்று விழுந்தால் கபுறுக்குழி வரைக்கும் கூட வரும். பூமிசாத்திர மாஸ்டர் மலையைத் தவறவிட்டால் என்ன பெயர் விழும்?

பதியுதீன் குடையை விரித்தான்.

“மழையில்லியே?”

“இஞ்ச எந்த நேரமும் வரும்” என்று சொல்லிக்கொண்டே, ‘கண்டி’ என்று எழுதியிருந்த பலகையைக் குடையால் மறைத்து அவளை வெளியே கூட்டிவந்தான்.

தெருவில் இருந்த பலகைகளையெல்லாம் மறைக்க அவனிடம் அத்தனை குடை இல்லை.

“கண்டி ஸ்டோர்ஸ்” என்று வாசித்தாள் ஜெமீலா.

“கண்டிக்காரர் இஞ்ச வந்து கடை போட்டிரிக்காங்க.”

“கண்டி பேக்கரி.”

“அவங்கட தம்பியாக்கள்.”

“கண்டி பொலிஸ்.”

பதியுதீன் குடையைத் தாழ்த்தினான். “கெட்டிக்காரர். அதான் இஞ்சயும் அவங்களையே போட்டிரிக்காங்க” என்றான்.

நல்ல காலத்துக்கு ஒரு குளம் வந்தது. குளத்துக்கு அப்பால் ஒரு மலையும் நின்றது. அல்லாஹ் கைவிடவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

“அதுதான் பேதுருதாலகாலை. இலங்கையிலேயே பெரிய மலை. எட்டாயிரத்து இருநூற்று எண்பத்தொரு அடி.”

ஜெமீலா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். “இவ்வளவுதானா?”

“நாம நிக்கிற இடமே ஆறாயிரம் அடிக்கு மேல. மிச்சம்தான் கண்ணுக்குத் தெரியிது.”

அவள் தலையாட்டினாள். பிறகு குளத்தையும், அதைச் சுற்றி வளைவு வளைவாகக் கட்டியிருந்த மதிலையும், வேர்வையையும் விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள்.

“என்ன செய்றாய்?”

“வாப்பா கேட்பாரு. ஒண்டையும் விடாம சொல்லணும்.”

“குளிர் எண்டும் சொல்லு.”

“வேர்க்கக்குள்ள குளிர் எண்டா? பொய் சொல்லச் சொல்றீங்களா, மச்சான்?”

அவள் வாப்பாவின் மகள்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பதியுதீன் சாப்பிடவில்லை.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் விசாரணை தொடங்கியது. போடியார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கப்பல் றஸாக் கூப்பிடாமலே வந்து முன்னால் உட்கார்ந்திருந்தான். தனக்குத் துணையாக ஒரு ஆள் வரப்போகும் சந்தோசம் அவன் முகத்தில் தெரிந்தது. மாமி ஹாஜறா வழக்கம்போல் கதவு மறைவில் நின்றார். கல்யாணம் முடிந்த இந்த எட்டு மாதத்தில் அவர் மருமகனோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அந்த வீட்டு மரியாதை அப்படி.

“சொல்லு புள்ள, என்னத்தப் பாத்த?”

“குளம், வாப்பா. சுத்தி வர மதில். வளைவு வளைவா கட்டியிரிக்கி.”

பதியுதீன் கண்ணை மூடிக்கொண்டான்.

“குளிர் எப்பிடி?” என்று றஸாக் ஆவலாகக் கேட்டான்.

“குளிரே இல்ல. வேர்த்து ஊத்திச்சி.”

றஸாக் எழுந்தே விட்டான். “மாமா, கேட்டீங்களா? நுவரெலியாவில வேர்த்ததாம்!”

போடியார் கதிரையில் நிமிர்ந்தார். “இரிடா கப்பல்! எனக்கும் வேர்த்திச்சி. அதே குளம், அதே மதில்! நுவரெலியா குளிரும் எண்டு போகாதவன்தான் சொல்லுவான்.”

மருமகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, றஸாக்கையும் இழுத்துக்கொண்டு வெளியே போனார். ஜெமீலா கம்பளிச் சட்டையை ராத்தாவிடம் கொடுக்கப் போனாள்.

தனியாக இருந்த பதியுதீனுக்கு மூச்சு வந்தது; ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது கதவு மறைவிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு கை நீண்டது. கையைத் தொடர்ந்து, அவன் இதுவரை கேட்டிராத ஒரு குரலும் வந்தது.

“மருமகன், பொல்காவலையில நீங்களும் ‘நுவர’ எண்டுதான் கேட்டீங்களா?”