தொப்பியில் ஏறியது

காபி அறைக் கதவைத் திறக்கப் போன ஸ்டெலியோஸ், உள்ளே தன் பெயர் அடிபடுவது கேட்டு அப்படியே நின்றான்.

"ஸ்டெலியோஸ் தொப்பியில மூத்திரம்," என்றாள் மெர்வி. "யாராவது அவன்கிட்ட சொல்லியாகணும்."

"நீயே சொல்லேன்." இது தவுனோ.

"நான் எதுக்கு? நீதான் இங்க சீனியர்."

"ஆளை விடு தாயே."

ஸ்டெலியோஸுக்குத் தும்மல் வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே கடும் சளி, மூக்கடைப்பு; காபி வாசனைகூடத் தெரிவதில்லை. தும்மல் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றது.

மூத்திரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். தொப்பியும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் பின்னிஷ் மொழியில் என்ன பொருள் என்பதுதான் தெரியவில்லை.

கிரேக்க நாட்டிலிருந்து பின்லாந்தின் கயானி நகரத்துக்கு வந்து, தெருக்களில் பனி வாரும் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தவன் அவன். இது இரண்டாவது குளிர்காலம். போன வாரம்தான் முதலாளி பென்ட்டி அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார். ஸ்டெலியோஸ் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. தன் பெயர் எழுதிய கேக் வாங்கி வந்தான். ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் காபி அறையிலிருந்தே போன் போட்டு, அவள் சந்தோஷத்தில் அழுததை ஸ்பீக்கரில் எல்லோரையும் கேட்க வைத்தான். பதவிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று முயல் ரோமத்தில் காது மூடும் தொப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டான். வேலை முடிந்தால் அதை வண்டிக் கொட்டகையிலேயே மாட்டிவிட்டுப் போவான். மற்றவர்கள் கேக்கைத் தின்றுவிட்டு "ம்" என்றார்கள்.

இப்போது அவன் உள்ளே போய், வழக்கம்போல் தொப்பியைக் கழற்றி ஹீட்டர் மேல் காயப் போட்டான். மெர்வி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே மூச்சுக்காற்றே உறைந்துவிடும் குளிர்.

"இந்தக் குளிர்ல எதுக்கு ஜன்னல்?"

"சும்மா... காத்து வரட்டுமேன்னு," என்ற மெர்வி, தன் காபியை எடுத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வேலை முடிந்ததும் ஸ்டெலியோஸ் தன் பின்னிஷ் டீச்சர் இர்மெலிக்குப் போன் செய்தான். கேட்டதும் அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடடா, இதைப் புத்தகத்துல போட மாட்டாங்க. தொப்பிக்குள்ள மூத்திரம் ஏறிடுச்சுன்னா தலைக்கனம் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்ப்பா."

"தலைக்கனத்துக்கும் மூத்திரத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"அது எனக்கும் தெரியாது. எங்க ஆளுங்களுக்குத் திட்டறதுன்னா முதல்ல அகப்படறது அதுதான். ஆமா, நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

அவன் கேக்கையும் போனையும் பற்றிச் சொன்னான்.

"ஸ்பீக்கர்லயா?" என்றாள் டீச்சர், துக்கம் விசாரிக்கும் குரலில். "இங்கே ஏரிக்கரையில மூணு மாடி வீடு கட்டினவன்கூட 'ஒரு குடிசை போட்டிருக்கேன்'னுதான் சொல்வான். புதுக் கார் வாங்கினா கொட்டகைக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்துவான். பதவி கிடைச்சா, என்னவோ திட்டு வாங்கினவன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கணும்."

"இப்ப நான் என்ன செய்யறது?"

"பணிவா இரு. போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக என்றெல்லாம் ஸ்டெலியோஸால் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே பணிவை ஆரம்பித்துவிட்டான். சூப்பர்வைசருக்கென்று கொடுத்திருந்த புது வண்டியின் சாவியை மெர்வியிடம் நீட்டினான்.

"இதை நீ ஓட்டு. உன் பழைய வண்டிய நான் எடுத்துக்கறேன்."

மெர்வியின் முகம் வெளுத்தது. "என் வண்டியிலயா? இந்தத் தொப்பியோடயா? வேண்டவே வேண்டாம். அந்த சீட்டு துணி சீட்டு!"

துணி சீட்டில் உட்காரக்கூடத் தனக்கு அருகதை இல்லையா என்று நினைத்தபடி அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பணிவு போதவில்லை போலிருக்கிறது.

காபி நேரத்தில் மேசைத் தலைமாட்டில் இருந்த தன் நாற்காலியை விட்டுவிட்டு, பெஞ்சில் நடுவாகப் புகுந்து, தவுனோவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தான். தொப்பி மடியில் இருந்தது. தவுனோ ஒரே மடக்கில் காபியை முடித்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். காபியை மிச்சம் வைத்த பின்லாந்துக்காரனை ஸ்டெலியோஸ் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த நாள் அவனே ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தான். ஒரு கையில் தட்டு, மறு கையில் நெஞ்சோடு அணைத்த தொப்பி. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து குனிந்து நீட்டினான்.

"எடுத்துக்கோ மெர்வி, என் கையால சுட்டது."

"ஐயோ, கிட்ட வராத! அதை... அங்கேயே வை. இல்ல, எனக்குப் பசியே இல்ல."

"தவுனோ, நீங்களாவது?"

தவுனோ நாற்காலியோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார். "பல் வலி," என்றார்.

ஸ்டெலியோஸ் நேராக பென்ட்டியின் அறைக்குப் போனான். இனி ஒரே வழிதான் பாக்கி.

"பென்ட்டி, இந்தப் பதவிக்கு நான் தகுதியானவன் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. மெர்வி என்னைவிட ஆயிரம் மடங்கு மேல்."

அவன் ஊராக இருந்தால் இந்நேரம் முதலாளி எழுந்து வந்து, "என்ன பேச்சு இது, நீ தங்கமாச்சே!" என்று கட்டிப் பிடித்திருப்பார். ஸ்டெலியோஸ் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

பென்ட்டி அவனையும் அவன் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டி ஜன்னலைத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"சரி," என்றார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. மெர்வியை வரச் சொல்லு."

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"போகும்போது கதவைத் திறந்தே வச்சிட்டுப் போ."

அவ்வளவுதான், பதவி போய்விட்டது. அம்மாவுக்கு எந்த முகத்தோடு போன் செய்வது? படி இறங்கும்போது ஸ்டெலியோஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சரி, பதவி போனால் போகட்டும், இந்த மனிதர்களின் நேசமாவது மிஞ்சட்டும் என்று காபி அறைக்குப் போனான். எல்லோரும் இருந்தார்கள். தொப்பியைக் கழற்றி மேசை நடுவில் வைத்தான். அத்தனை பேரும் கோப்பைகளை அவசரமாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றான். "நீங்க பேசிக்கிட்டது என் காதுலயும் விழுந்துச்சு. ஆமா, என் தொப்பியில மூத்திரம்தான். மறைக்கல. பதவி கிடைச்ச அன்னிக்கே ஆரம்பிச்சது. சந்தோஷம் தாங்கல, என்னால அடக்க முடியல. வேற யார் மேலயும் தப்பில்ல. எல்லாத்துக்கும் நானேதான் காரணம். மன்னிச்சிருங்க."

மெர்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் தவுனோதான் மெல்லக் கேட்டார்:

"நீயா? நாங்க இத்தனை நாளா அது நம்ம கொட்டகைப் பூனைன்னுல்ல நினைச்சிட்டிருந்தோம்!"