டைனமோவுக்குக் கிடைத்த எஞ்சினியரிங்

எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் டைனமோ கழற்றாத சாமான் கிடையாது. திரும்பப் பூட்டிய சாமானும் கிடையாது.

அவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். தகப்பனின் சைக்கிள் விளக்கு எப்படி எரிகிறது என்று பார்க்கப்போய், டைனமோவைக் கழற்றியதில் வந்த பெயர் அது. அந்தச் சைக்கிள் அதன்பிறகு இருட்டிலேயே ஓடியது. தாயின் தையல் மெஷினைக் கழற்றினாள். அந்தத் தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் பழைய சட்டை. கோயில் லவுட்ஸ்பீக்கரைக் கழற்றினாள். திருவிழா முடிவதற்குள் ஐயருக்குத் தொண்டையே போய்விட்டது.

பக்கத்து வளவில் இருந்த அவளுடைய மச்சானும் ஒரு ரேடியோவைக் கழற்றி நாசமாக்கினான். "இவன் எஞ்சினியராத்தான் வருவான்" என்றது ஊர். டைனமோவைப் பார்த்து, "இவளை ஆர் கட்டப்போறான்?" என்றது.

ஓ.எல். சோதனை முடிந்ததும் அதிபர் கெட்டிக்காரப் பெடியன்களைக் கணிதப் பிரிவிலும் பெட்டைகளை உயிரியலிலும் போட்டார். நானும் உயிரியலுக்குப் போனேன். எனக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. டைனமோ மட்டும் அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு மற்ஸ் வேணும், சேர்."

"பொம்பிளைப் பிள்ளையள் டொக்டருக்குத்தான் பிள்ளை படிக்கிறது."

"தவளையை வெட்டினால் திரும்பப் பூட்ட ஏலாதே, சேர்."

"நீர் எதைத்தான் திரும்பப் பூட்டினனீர்?"

ஆனாலும் அவளுடைய தொல்லை தாங்காமல் விட்டுக்கொடுத்தார். கணித வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மூன்று பேர் இருக்கிற வாங்கு முழுவதும் அவளுக்கே. "ராசாத்தி மாதிரி இருக்கிறன்" என்பாள். ஒருநாள் மட்டும், "பக்கத்திலை ஒரு பெட்டை இருந்தால் நல்லாயிருக்குமடி" என்றாள்.

தொண்ணூறில் ஆமி தீவுக்குள் வர, யாழ்ப்பாணத்துக்கு ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. அவள் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ரேடியோவைப் பேச வைத்தாள். அவள் பூட்டி வேலை செய்த முதல் சாமான் அதுதான். செய்தி கேட்க வந்த பெரியவர் ஒருவர், "எந்தப் பெடியன்ரை வேலை இது?" என்றார்.

அவள் பெடலைச் சுற்றிக்கொண்டே, "நான்தான் அந்தப் பெடியன்" என்றாள்.

அங்கிருந்தே படித்து ஏ.எல். சோதனை எழுதினாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் கிடைத்தது. மச்சானுக்கும் கிடைத்தது.

சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்தது. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்துதான் வெளியே போகவேண்டும். நேவி சுடும், கரை சேராத வள்ளங்களும் உண்டு. மச்சான் போனான். டைனமோவின் தகப்பன் அவளை விடவில்லை.

"பெடியன் எண்டால் துணிஞ்சு விடலாம்."

"சூடு ஆம்பிளை பொம்பிளை பாத்தே வருது, அப்பா?"

அவர் அழுதுவிட்டார். எவரோடும் வாதாடக்கூடியவள் அந்த அழுகைக்காக நின்றுவிட்டாள். பாதை திறக்கட்டும் என்று காத்திருந்தாள். பாதை திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய இடமும் போனது.

அடுத்த வருடம் நோர்வே மாப்பிள்ளை ஒருவரின் சம்பந்தம் சரிவந்தது. அதே கடலால் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகத் தகப்பனே ஆயத்தமானார். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் போய்ப் பார்த்தேன். சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணத்துக்குப் போற ஆக்களை நேவி சுடாதாமோடி?" என்று கேட்டாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவளை நோர்வேக்குப் பிளேன் ஏற்றிவிட்டுத் தகப்பன் தனியே திரும்பி வந்தார். அதன்பிறகு காண்பவர்களிடமெல்லாம், "என்ரை மகளுக்கு எஞ்சினியரிங் கிடைச்சதெல்லே" என்று சொல்லத் தொடங்கினார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். என்னிடமும் எத்தனையோ தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும், "ஓமோ ஐயா?" என்று புதிதாகக் கேட்பவள்போல நின்றேன். அவளைப் பற்றி யாராவது கதைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.