பின் சீட்டு விசிலும் மாப்பிள்ளையின் கியர் பெட்டியும்

செஞ்சி,
ஐப்பசி, புதன்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை குரு அவர்களுக்கு, அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனும் தங்கள் மாமனாருமான கோதண்டராமன் வணக்கம் சொல்லி எழுதுவது. அங்காளம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை ரஞ்சிதமும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் கலைவாணியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பரவாயில்லை. மேற்படி சுகத்தில் தாங்கள் விட்டுப்போன கார் மட்டும் சேராது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ரஞ்சிதம் காதில் விழும். இது நமக்குள் இருக்க வேண்டிய விஷயம். "சும்மா நின்னா வண்டி வீணாப்போயிடும், அத்தை ஸ்கூலுக்கு ஓட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று சாவியை என் கையில்தான் கொடுத்தீர்கள். அந்தச் சாவி என் கையில் இருந்தது மொத்தம் நாலு நிமிஷம். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவள் தளவானூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய், கிளார்க் வேலை பார்த்துவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு வருகிறாள். தனியாக விட எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் கூடவே போய் இறக்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாயங்காலம் மறுபடி பஸ் பிடித்துப் போய் அவளோடு காரில் திரும்புகிறேன். பின் சீட்டில் இடது கதவோரம்தான் உட்காருவேன். முன் சீட்டில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. பழைய விசிலையும் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். ரெண்டு விசில் கொடுத்தால் போகலாம், ஒத்த விசில் கொடுத்தால் நிறுத்தணும். சாலையில் ஒரு ஒழுங்கு வேண்டாமா.

நான் கியர் கம்பியை இந்த ஜென்மத்தில் தொட்டதில்லை. ஆனால் கியரைப் பற்றி என் காதுக்குத் தெரியாதது இல்லை. டிரைவர் தாண்டவராயனோடு பன்னிரண்டு வருஷம் திண்டிவனம் திருவண்ணாமலை ரூட்டில் ஓடியவன் நான். பின்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ரெண்டிலிருந்து மூணுக்குப் போகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதுக்கு உங்கள் வண்டி முதல் மூணு மாசம் சங்கீதமாக இருந்தது. கியர் தானாக மாறும், எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. என்ஜின் சுற்றைக் காட்டும் முள் ரெண்டாயிரத்தைத் தொடுவதற்குள் அடுத்த கியருக்குப் போய்விடும். தாலி கட்டின புதுசில் ரஞ்சிதம் இப்படித்தான் சத்தமில்லாமல் இருந்தாள்.

கஷ்டம் ஆரம்பித்தது ஆவணியில். விழுப்புரம் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்றைத் தாண்டுகிறோம். "மெதுவா, மெதுவா" என்று சொல்லி மூணு தடவை விசில் கொடுத்தேன், அதுதான் என் கடமை. சட்டென்று என்ஜின் அலற ஆரம்பித்தது. முன்னால் எட்டிப் பார்த்தால் முள் நாலாயிரத்துக்கு மேலே நிற்கிறது, மேல் கியருக்குப் போகவே மாட்டேன் என்கிறது. டிராக்டரைத் தாண்டி அரை கிலோமீட்டர் ஆன பிறகும் அதே அலறல். "மேல் கியர் போடும்மா, கியர் பெட்டி எரிஞ்சிடப்போவுது" என்றேன். "இதுல நான் போடறதில்ல, அதுவே போட்டுக்கும்" என்றாள். "அப்ப அதுகிட்ட சொல்லு" என்றேன். "நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத்தான் கியர் பாஷை தெரியுமே" என்றாள். அப்புறம் காலை எடுத்தாள் பாருங்கள், மாப்பிள்ளை. முன்பெல்லாம் காலை எடுத்தால் வண்டி மேல் கியரிலேயே வழுக்கிக்கொண்டு போகும். இப்போது கீழ் கியரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. என் நெற்றி போய் முன் சீட்டில் மோதியது. விசில் வாயிலிருந்து விழுந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

மறுநாளே மெக்கானிக் விமல்ராஜிடம் காட்டினேன். பையன் ஓட்டிப் பார்த்தான், கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தான். "கண்டக்டர் சார், வண்டி தங்கம். யாரோ ஸ்போர்ட் மோடு பட்டனை அமுக்கியிருக்காங்க. அத அமுக்கினா கியர் லேட்டாதான் ஏறும், சீக்கிரமா எறங்கும். கால லேசா வெச்சாலே பாயும், எடுத்தா இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலும் கொஞ்சம் அதிகமா குடிக்கும். கெட்டுலாம் போவாது, தெனமும் ஆபீஸ் போற வண்டிக்குத் தேவையில்ல, அவ்ளோதான்" என்றான். என்ஜினை அணைத்தால் தானாகப் போய்விடுமாம், மறுபடி யாராவது அமுக்கினால்தான் வருமாம். தினமும் காலையில் பழைய காக்கிச் சட்டைத் துணியால் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் அந்தப் பட்டன் இருக்கிற இடத்தையெல்லாம் அழுத்தித் துடைக்கிறவன் நான்தானே. என் கை பட்டுத்தான் வந்திருக்க வேண்டும். இதை மறைக்கக் கூடாது என்றுதான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

துடைப்பதை நிறுத்தினேன். அப்படியும் வந்தது. பட்டன் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டினேன், மறுநாள் அது கீழே கிடந்தது. "வெயில்ல பசை உருகியிருக்கும்" என்றாள் ரஞ்சிதம். அன்றைக்கு நல்ல மழை. இதில் ஒரு மர்மம் என்னவென்றால், விமல்ராஜ் ஓட்டும்போது வருவதில்லை. ரஞ்சிதம் எப்போதாவது தனியாக ஓட்டும்போதும் வருவதே இல்லையாம், அவளே சொன்னாள். நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு மூன்று விசில் கொடுத்த பிறகுதான் வருகிறது. விசில் சத்தத்துக்கும் கியருக்கும் கம்ப்யூட்டரில் ஏதாவது தொடர்பு உண்டா என்று கார் கம்பெனியில் விசாரித்துச் சொல்லவும்.

போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போனது இன்னும் பெரிய கூத்து. கோயிலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலிருந்தே கூட்டம், வண்டி நத்தையாக நகர வேண்டும். "ஆள் வருது, பிரேக்கு, பிரேக்கு" என்று நான் விசிலோடு சொல்லிக்கொண்டே வந்தேன், உடனே அந்தப் பாழாய்ப்போன மோடு வந்துவிட்டது. இவள் காலைப் பட்டும் படாமலும் வைக்கிறாள், அது குதிக்கிறது. காலை எடுக்கிறாள், வெடுக்கென்று நிற்கிறது. தேங்காய்ப் பை கவிழ்ந்து எலுமிச்சம்பழமெல்லாம் உருண்டு ஓடியது. நான் பயத்தில் ஜன்னலைத் திறந்து மூச்சைப் பிடித்து ஒத்த விசில் கொடுத்தேன். எங்கள் வண்டி நிற்கவில்லை. எதிரே வந்த ஸ்பெஷல் பஸ் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் எட்டு பஸ் நின்றது. போலீஸ்காரர் வந்து "யாருய்யா விசில் ஊதனது?" என்றார். ரஞ்சிதம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "பின்னால ஒரு பாசஞ்சர் இருக்காரு சார், அவருதான்" என்றாள். பாசஞ்சர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ் மாப்பிள்ளை எனக்கு.

நான் எப்பேர்ப்பட்ட கண்டக்டர் என்று உங்களுக்குத் தெரியாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், செஞ்சி கூட்டு ரோட்டில் பஸ் கிளம்புகிற நேரம். ரஞ்சிதம் தூரத்தில் ஓடி வருகிறாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். அரை நிமிஷம் லேட். ஊரே பார்க்கிறது. பெண்டாட்டி என்றால் ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா. ரெண்டு விசில் கொடுத்தேன், பஸ் கிளம்பிவிட்டது. தாண்டவராயனே கண்ணாடியில் பார்த்துவிட்டு "இன்னாபா இது" என்றான். அன்றைக்கு என்னவோ கிரகம், சாப்பாடும் கிடைக்காமல் திருவண்ணாமலையில் ஒரு டீயும் பன்னும் தின்றுதான் நாளை ஓட்டினேன். ஆனாலும் கடமை தவறவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவ்வளவு பெருந்தன்மை.

ஆகவே மாப்பிள்ளை, தை மாதம் நீங்கள் ஊருக்கு வரும்போது, கொடுத்த வண்டியை மாமனார் கெடுத்துவிட்டார் என்ற பேர் எனக்கு வரக் கூடாது. "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஷெட்ல போட்டு வைங்க அத்தை" என்று உங்களுக்கே தோன்றிச் சொன்ன மாதிரி ரஞ்சிதத்திடம் சொல்லிவிடுங்கள். நான் எழுதினதாகத் தெரிய வேண்டாம். உங்கள் பதில் வரும்வரை அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று நான் சபதம் எடுத்துவிட்டேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தபாலாபீஸ் இருப்பதால் இதை அவளிடமே கொடுத்துப் போடச் சொல்கிறேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கலைவாணிக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் எந்த ரோட்டில் போனாலும் மேடு பள்ளம் தெரியாமல் போய்ச் சேர அங்காளம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
கோதண்டராமன்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை ரஞ்சிதம் எழுதறேன். ஒறைய சரியா ஒட்டாம குடுத்திருந்தாரு, ஒட்டலாம்னு பிரிச்சேன், படிச்சிட்டேன். இத ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதறேன். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குது. பட்டன அமுக்கறது நான்தான். பின்னால உக்காந்திருக்கறவருக்கு என் கை தெரியாது. ரெண்டு விசில் வரைக்கும் பொறுத்துக்குவேன், மூணாவதுக்கு அமுக்கிடுவேன். உடனே அவரு ரெண்டு கையாலயும் மேல இருக்கற புடிய புடிச்சிக்குவாரு, விசில் ஞாபகமே இருக்காது. வீடு வரைக்கும் ரோட்ட நிம்மதியா பார்த்து ஓட்டலாம். மலையனூர்ல மட்டும் அவ்ளோ கூட்டத்துல அமுக்கியிருக்கக் கூடாது, அது என் தப்பு. இனிமே கூட்டத்துல அமுக்க மாட்டேன்.

அந்தக் கூட்டு ரோடு கதையயும் எழுதியிருக்காரு. அன்னைக்கு நான் எங்கம்மா வூட்டுக்குக் கெளம்பல. இவரு மறந்துட்டுப் போன சாப்பாட்டு டப்பாவத்தான் எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். பதினெட்டு வருஷமா சொல்லல, நீங்களும் சொல்ல வேணாம்.

வண்டிய ஷெட்ல போடச் சொல்லாதீங்க மாப்பிள்ளை. இவரு சபதம் இன்னா ஆச்சுன்னு கேளுங்க. இன்னைக்கு காலைல கடிதாசிய ஜன்னல் வழியா குடுத்துட்டு, வரலன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னாரு. நான் கெளம்பிட்டேன். தெருமுனை திரும்பறதுக்குள்ள கண்ணாடியில பாக்கறேன், லுங்கிய ஒரு கையில புடிச்சிக்கிட்டு ஓடி வர்றாரு, இன்னொரு கையில நான் மறந்துட்டு வந்த சாப்பாட்டு டப்பா. வாயில விசில், ஒத்த விசில். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சி, நிறுத்திட்டேன். நான் என்ன கண்டக்டரா?

டப்பாவோட பின் சீட்டுல ஏறி உக்காந்தாரு. மூச்சு வாங்குது. தண்ணி பாட்டில குடுத்தேன், குடிச்சாரு. அப்புறம் போலாம்னு ரெண்டு விசில் குடுத்தாரு. ரெண்டு வரைக்கும் பொறுத்துக்குவேன்னு சொன்னேன் இல்ல, பொறுத்துக்கிட்டேன். வாசல்ல கோலம் இருக்குது ஓரமா போன்னு மூணாவதும் குடுத்தாரு.

அமுக்கிட்டேன்.