நாலு நாய்க்கு ஒரு பெரட்டு

"பெரியதுரையே இன்னும் வாய் வைக்கல. அதுக்குள்ள கங்காணி எப்பிடித் திங்கலாம்?" என்று கத்தினார் தியாகராஜா.

கங்காணி அதைக் காதில் வாங்கவில்லை. பெரியதுரையின் தட்டிலிருந்த மீன் தலையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தது. பின்னாலேயே சின்னதுரையும் கண்டக்டரும் பாய்ந்ததில் கட்டில் ஒரு முழம் நகர்ந்தது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கண்டி டவுனுக்கு மேலே வாடகை வீட்டில் குடியேறியபின், மழையில் நடுங்கிய நாலு தெருநாய்க்குட்டிகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பெரியதுரை, சின்னதுரை, கண்டக்டர், கங்காணி என்று தோட்டத்துப் பதவிகளையே பெயராக வைத்தார். கிளாக்கர் என்று மட்டும் எதற்கும் வைக்கவில்லை. அந்தப் பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

"முன்னூறு பேரை அடக்குனவன் நான். இந்த நாலு நாயை அடக்க மாட்டேனா?"

"அடக்குனது கங்காணிங்க. நீங்க பேரு எழுதுனீங்க" என்றாள் மனைவி பாலம்மா. "எனக்கு ஒரு வேளைச் சோறு நிம்மதியா எறங்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் பெரட்டு தொடங்கியது. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதே முறைதான். பெயர் கூப்பிட்ட பிறகே தட்டு. பதவிப்படி முதலில் "பெரியதுரை!" என்றார். நாலும் வந்தன.

சரி, விசில் ஊதினால் மட்டுமே சாப்பாடு என்று உத்தரவை மாற்றினார். விசில் சத்தத்துக்கு மேல்சந்து நாய்களும் வந்து சேர்ந்தன.

"வெளி ஆளுங்களுக்கும் பேர் போட்டாச்சா?" என்றாள் பாலம்மா.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையின் ஒவ்வொரு காலிலும் ஒன்றைக் கட்டினார். "நாலு காலு, நாலு நாயி. நிர்வாகம்னா இதுதான்!" என்று தட்டுகளோடு வந்தார். தட்டைக் கண்டதும் மேசை புறப்பட்டது. வாசற்படியில் இடித்து மேசை நின்றுவிட்டது. மேலேயிருந்த பருப்புச் சட்டி நிற்கவில்லை.

பாலம்மா சேலையிலிருந்த பருப்பை வழித்துப் போட்டாள். கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"தம்பிக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கு வேனோட வர்றான்" என்றாள்.

அவள் தம்பி இருளப்பன் கடுகண்ணாவையில் டயர்க் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் வேலி போட்ட வெறும் நிலம் கிடந்தது. எதற்கு வேன் என்று கேட்கத் தியாகராஜாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பகல் விசில் இல்லை, பெயர் கூப்பிடவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்து, தன் பழைய ஸ்வெட்டரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பாலம்மா ஒரு சத்தமும் போடாமல் நாலு மூலையில் நாலு தட்டை வைத்தாள். மென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டு முடித்து, பெரியதுரை கங்காணியின் தட்டை நக்க, கங்காணி பெரியதுரையின் காதை நக்கியது. தியாகராஜா திரும்பவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

வேன் வந்து நின்றது.

"என்ன அத்தான், கெளம்பலாமா?" என்று இருளப்பன் உள்ளே வந்தான்.

தியாகராஜா பொட்டலத்தை நீட்டினார். "கங்காணிக்கு இந்த ஸ்வெட்டர் இல்லாட்டித் தூக்கம் வராது. சின்னதுரைக்கு மீன்ல முள்ளு எடுத்துக் குடுக்கணும். இடி இடிச்சா பெரியதுரையை மடியில வச்சுக்க. பேருக்குத்தான் துரை, பயந்தாங்கொள்ளி. கண்டக்டர்..."

இருளப்பன் பொட்டலத்தைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான்.

"நாய்ங்கள ஏத்தச் சொல்லி யாரு சொன்னா, அத்தான்? அதுங்க திங்கிற நேரத்துல தெனமும் உங்களைத்தான் கடையில கொண்டுபோய் உக்கார வச்சிட்டு, தின்னு முடிச்சதும் திருப்பிக் கொண்டாந்து விடச் சொல்லிச்சு அக்கா."