நயினார் திரும்பிப் பார்க்கவில்லை

ஹாஃபிஸாவுக்குத் தெரியாமல் ஒரு காரியத்தையாவது செய்து முடிப்பது என்று சபதம் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இது எத்தனையாவது சபதம் என்று கேட்காதீர்கள். சிகரெட், சீட்டாட்டம் மாதிரி சில்லறைச் சபதம் இல்லை இது. என் மகனைப் பற்றியது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சஃப்ரீனுக்கு நாலு வயது. தவழ்கிற காலத்திலேயே 'வாப்பா' என்றாள். முதல் பிறந்த நாளுக்குள் பக்கத்து வீட்டுச் சேசம்மாள் அக்காவோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். இன்றைக்கு அவள் பேச்சை நிறுத்த வேண்டுமென்றால் வாயில் முறுக்கைத் திணிக்க வேண்டும். அப்போதும் முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசுவாள்.

இளையவன் நயினாருக்கு ஒன்றேகால் வயது. நடப்பான். சிரிப்பான். தாராவியில் என் பட்டறையிலிருந்து கொண்டுவரும் தோல் பைகளைக் கடித்துப் பதம் பார்ப்பான். பேச மட்டும் மாட்டான்.

இதை முதலில் கிளப்பியவள் ஹாஃபிஸாதான்.

"ஏங்க, பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுவமா? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான்."

"சும்மா இரு. பொட்டப்பிள்ள வெரசாப் பேசும். ஆம்பளப்பிள்ள மெதுவாத்தான் பேசும். எல்லாரும் சஃப்ரீனாட்டம் இருந்தா இந்த ரூம் தாங்குமா?"

"அதுக்கில்ல..."

"எங்க அண்ணன் மூணு வயசுலதான் வாயத் திறந்தான். இப்ப கல்யாண் டவுன்ல புரோக்கரு. அந்த வாயாலயே வீடு விக்கான்."

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவள் என் கட்சிக்குத் தாவினாள். யார் வந்து கேட்டாலும், "அக்காவும் தம்பியும் ஒண்ணுபோலவா இருக்கும்? எங்க மூத்த மச்சானே மூணு வயசுலதான் பேசினாவ" என்று என் வசனத்தையே ஒப்பித்தாள். என் மனைவி என் பேச்சை ஏற்றுக்கொண்டாள்! இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது. நான் சொன்னதை ஹாஃபிஸா ஒத்துக்கொள்கிறாள் என்றால் அதில் ஏதோ பெரிய கோளாறு இருக்க வேண்டுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நயினாருக்குப் பின்னால் நின்றுகொண்டு குக்கர் மூடியைத் தரையில் போட்டேன்.

சேசம்மாள் அக்கா "ஏசுவே!" என்று ஓடி வந்தாள். சந்து நாய் குரைத்தது. மாடி வீட்டுக்காரர் இந்தியில் என் பரம்பரையை விசாரித்தார். நயினார் ஒரு பெல்ட் பக்கிளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"என்னத்தப் போட்டு உடைக்கீய?" என்று ஹாஃபிஸா வெளியிலிருந்து கத்தினாள்.

"கை தவறிட்டு."

"பாத்து. பிள்ள பயந்துரப் போறான்."

பிள்ளை பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். 'இந்த வீட்டில் என்னைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இல்லை' என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பேன். அன்றோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஹாஃபிஸாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். நானே கொண்டுபோய்க் காட்டி, நானே மருந்து வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்குக் குணமானதும் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் சபதம்.

"டிராம்பே மாமா நயினாரப் பாக்கணும்னாவ. நாளைக்கு நான் தூக்கிட்டுப் போயிட்டு வாறேன்."

"சரி, கூட்டிட்டுப் போங்க."

ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. பால் புட்டி, பிஸ்கட், மாற்றுத்துணி எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். "மாமாவுக்கு சலாம் சொல்லுங்க" என்றாள். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

டிராம்பே பஸ்ஸை விட்டுவிட்டு டாக்ஸியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது பார்க்கிற பிரிவில் ஒரு மராத்தி டாக்டரம்மா இருந்தார். புது முகத்தைக் கண்டால் அலறுகிற நயினார், அவரைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவினான்.

"அரே நயினார், ஆ கயா?" என்று, வந்துவிட்ட பழைய ஆளை வரவேற்பதுபோல் வாங்கிக்கொண்டார்.

"இவனை உங்களுக்கு எப்படி..." என்று இந்தியில் இழுத்தேன்.

"இவன் அம்மா போன மாதமே கொண்டுவந்தாரே. பரிசோதனை எல்லாம் முடிந்தது. நீங்கள்தான் வரவேண்டியிருந்தது."

பிறகு மெதுவாகச் சொன்னார். பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை. மருந்து கிடையாது. முதலில் காதுக்கு மெஷின், அது போதாவிட்டால் ஆபரேஷன். வீட்டில் தாயும் தகப்பனும் தினமும் கூட உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். பேச்சு வரலாம். எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது.

"இவன் அக்கா அவ்வளவு சீக்கிரம் பேசினாளே, டாக்டர்" என்றேன்.

"அக்காவுக்குக் காது கேட்டது" என்றார்.

அங்கேயே தேம்பி அழுதேன். நயினார் என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். தகப்பன் அழுகிற சத்தம்கூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் ஹாஃபிஸா. மடியில் சஃப்ரீன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டிராம்பே மாமா ஊருக்குப் போயி எத்தன நாளாவுது!" என்றாள் ஹாஃபிஸா.

"உனக்கு எல்லாம் தெரியுமா? ஏன் என்ட்ட சொல்லல?"

"சொன்னா உங்க அண்ணன் கதையத்தான் திருப்பிச் சொல்லுவீய. இழுத்தாலும் இந்தப் படி ஏற மாட்டீய. நீங்களாப் பயந்து தூக்கிட்டு வரணும்னுதான் உங்க பக்கம் பேசினேன்."

அவளுக்குச் சொல்வதற்காக டாக்ஸியில் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளைத் தேடினேன். "ஹாஃபிஸா, நீ மனசத் தளர விட்டுராத..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அவள் தோளில் சாய்ந்து மறுபடியும் அழுதேன்.

துப்பட்டா நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் அழுது முடிச்சு ஒரு மாசம் ஆவுது. நீங்களும் வெரசா முடிங்க, மெஷினுக்கு அளவெடுக்கணும்."