போசிபோரிக்கு ஒரு கமிட்டி

வியாழக்கிழமை மதியம் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள், உட்கார்ந்த இடத்தோடு: நீள சோபாவின் நடுவில், குரோஷா விரிப்பு கசங்காமல், தலைவர் மக்கோரி மாமா. அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் நியாபோகே அக்கா, மடியில் கைப்பையோடு. சாப்பாட்டு மேசையில் செயலாளர் மொமான்யி, எதிரே கோடு போட்ட தாள். சன்னலோரம் பனிக்காலக் காலணிப் பெட்டியின் மேல் போசிபோரியின் அறைத்தோழி கெருபோ, கையில் போன்.

அறையின் நடுவில் இருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. போசிபோரி பட்டம் வாங்கிய படம் அதில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போசிபோரி சமையலறையில் மண்டாசிப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டமே அவளுக்காகத்தான். ஆனால் யாருக்காகக் கமிட்டி போடுகிறோமோ அவர் அதில் உட்காரக் கூடாது என்பது சொந்த ஊரான கிஸியிலிருந்து பிழைக்க வந்த மினசோட்டா வரை மாறாத விதி. "கல்யாணக் கமிட்டியில மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தா உருப்படுமா?" என்று முதல் நாளே மக்கோரி மாமா கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரவில்லை.

"அட்டை பத்தி என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி" என்றார் மாமா.

கெருபோ போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "'உங்கள் வேலை அனுமதி அட்டையைச் சேர்ப்பிக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டது.'"

"யார்கிட்ட திரும்பி வந்துச்சு?"

"அனுப்பினவங்ககிட்ட மாமா. குடியேற்ற ஆபீசுக்கு."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். போசிபோரி செவிலியர் படிப்பு முடித்து, உரிமத் தேர்வும் எழுதித் தேறி, பெரிய மருத்துவமனையில் வேலையும் வாங்கிவிட்டாள். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். வெளிநாட்டு மாணவி என்பதால் வேலை அனுமதி அட்டையைக் காட்டாமல் வார்டுக்குள் கால் வைக்க முடியாது. சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. படிப்பு முடிந்தபின் வேலையில்லாமல் இந்த நாட்டில் அதிக நாள் இருக்கவும் முடியாது. பெட்டி கட்ட வேண்டியதுதான். அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டதாகப் போன வாரமே செய்தி வந்திருந்தது. அட்டைதான் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை இதை அவள் கெருபோவிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேடி."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்ற கெருபோ, மக்கோரி மாமாவிடம் மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை கமிட்டி அமைந்தது. எல்லாரும் முதியோர் இல்லங்களில் இரவு வேலை பார்ப்பவர்கள். ஆகவே தூங்கி எழுந்து, தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கூடுவது என்று முடிவாயிற்று. தபால் வருவதும் அந்த நேரந்தான். கமிட்டி என்றால் கருப்புக் கோட்டு போட வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பு. மொமான்யியிடம் கோட்டு இல்லை. சர்ச் பாடகர் குழுவிலிருந்து இரவல் வாங்கிவந்தான். நியாபோகே அக்கா கருப்புக் கவுனையும் கருப்புத் தொப்பியையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நானே தபால் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே மாமா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள் போசிபோரி.

"தலைவர்னு நான் ஒருத்தன் இருக்கறப்போ நீ போய்க் கேப்பியா? வெளிய தலை காட்டாதே. அழுத மூஞ்சியோட நின்னா ஊர்ல என்ன பேசுவாங்க? போய் டீ போடு."

முதலில் தபால் பெட்டியைச் சரிபண்ணினார்கள். இதற்கு முன் அங்கே குடியிருந்தவர்களின் பெயர்ச்சீட்டுகள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. குழப்பம் அதனால்தான் என்று மாமா கண்டுபிடித்து, மேசைக் கத்தியால் சுரண்டினார். எல்லாரோடும் சேர்ந்து போசிபோரியும் போய்விட்டாள். அன்று தபாலே வரவில்லை.

"அவ பேரையும் எடுத்துட்டீங்களே மாமா!" என்றாள் கெருபோ.

"புதுசா எழுதத்தான் எடுத்தேன். அவசரக்குடுக்கை!"

போசிபோரி பிலோமினா ஒன்சொங்கோ என்று முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். சீட்டு ஒட்டாததால் நாலு பக்கமும் கருப்பு டேப் போட்டு இறுக்கினார். தூரத்திலிருந்தே தெரிந்தது.

அடுத்து, இந்தத் திங்கட்கிழமை காலையில், மருத்துவமனை. ஆள் சேர்க்கும் பிரிவில் ஒரு பெண், "ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனாப் பாத்துக்கலாம்" என்று போசிபோரியிடம் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள்.

"வாய்வார்த்தையை நம்பறதா? எழுத்துல வாங்கணும்" என்றார் மாமா. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். "வணக்கம். நான் போசிபோரி கமிட்டியின் தலைவர் பேசுகிறேன்."

எதிர்ப்பக்கத்தில் எந்தக் கமிட்டி என்று இரண்டு தடவை கேட்டார்கள். பிறகு மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மதியத்துக்குள்ளேயே எழுத்தில் பதில் வந்தது: அடுத்த திங்கட்கிழமை எட்டு மணிக்கு அட்டை கையில் இருக்க வேண்டும், ஒரு நாள் தவணைகூடக் கிடையாது.

"எழுத்துல வந்துடுச்சில்ல?" என்றார் மாமா, கொஞ்சம் குரல் இறங்கி.

"இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்" என்றாள் கெருபோ.

"நீ வாயை மூடு. இனிமே பிரார்த்தனைதான்."

பிரார்த்தனைக்கு முகம் தெரிய வேண்டும் என்றாள் நியாபோகே அக்கா. "ஆளு சமையல்கட்டுல இருக்கா. யாரைப் பார்த்து ஜெபிக்கறது?" அதனால்தான் படம் நாற்காலிக்கு வந்தது. பட்டமளிப்பு விருந்தில் மிஞ்சிய பூக்களையும் அவளே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சன்னல் திரையைத் திறந்து வைத்தால் புதுத் தபால்காரிக்கும் போசிபோரியின் முகம் பழகிவிடும் என்பது மொமான்யியின் யோசனை. தபால்காரி இந்தத் தெருவுக்கு மாற்றலாகி வந்தே சில நாள்தான் ஆகிறது. அந்த யோசனையைத் தலைவர் மனமாரப் பாராட்டினார்.

திங்கள், செவ்வாய், புதன். வீட்டு வாசல் முழுக்கக் கமிட்டியின் கார்கள். மதியமானால் பாட்டு, பிறகு ஜெபம், பிறகு நியாபோகே அக்காவின் அழுகை. அவள் அழ ஆரம்பித்தால் மாமாவும் கைக்குட்டையைத் தேடுவார். செவ்வாய்க்கிழமை பாட்டின் நடுவில் கெருபோ ஒரு கண்ணைத் திறந்து சன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே தபால்காரி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு நின்றாள்.

"ஜெபத்துக்கு எவ்வளவு மரியாதை பாரு" என்று மாமா பிறகு சொன்னார். "இந்த ஊர்லயும் நல்லவங்க இருக்காங்க."

அன்றைக்குப் பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது.

புதன்கிழமை பக்கத்து வீட்டு மார்ஜ், மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட இறைச்சித் தட்டோடு வந்தாள். ஒன்றும் பேசாமல் எல்லாரையும் வரிசையாகக் கட்டிப் பிடித்தாள். மாமாவை மட்டும் இரண்டு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மனசே இல்லாத ஊருன்னு சொல்லுவியே கெருபோ. ஒரு அட்டைக்காக அழறா பாரு!" என்றாள் நியாபோகே அக்கா.

இப்போது வியாழக்கிழமை. அட்டை திரும்பிப் போய்விட்டது. கரண்டி தரையில் கிடந்தது.

"எல்லாம் அந்தக் கருப்பு டேப்பாலதான்" என்றாள் கெருபோ.

"டேப்பு என்ன பண்ணும்? உன் வாய்தான் காரணம்."

"சண்டை போடாதீங்க" என்று போசிபோரி வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. "அம்மாகிட்ட வேலை கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டேன் மாமா. அவங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை நான் எங்க போய் நிக்கறது?"

மாமா கோட்டைக் கழற்றப் போனவர், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"கடிதம்" என்றார். "இன்னிக்கே எழுதுவோம். திரும்பி வந்த அட்டையை உடனே மறுபடி அனுப்பச் சொல்லி. மொமான்யி, எழுது."

மொமான்யி அதற்காகவே பிறந்தவன் மாதிரி பேனாவைத் திறந்தான். முகவரி, தேதி, பொருள் எல்லாம் அந்தந்த இடத்தில் உட்கார்ந்தன. பிறகு சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினான்: "'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர். நான் மேற்கண்ட முகவரியில் கடவுள் கிருபையால் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறேன். தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.'"

"இது என்னடா?" என்றார் மாமா.

"கடிதம்னா முதல்ல நலம் சொல்லணும் மாமா. எங்க நியாமிரா பள்ளிக்கூடத்துல அதுக்குன்னே தனி மார்க்கு உண்டு."

"அரசாங்கத்துக்கு எதுக்கு இவ நலம்? இவ உயிரோட இருந்தா அவங்களுக்கு என்ன, இல்லாட்டி என்ன? அடி அதை."

"அது இல்லாம கடிதம் மொட்டையா இருக்குமே..."

"நியாபோகே, நீ என்ன சொல்றே?"

"வெட்டிப் பேச்சுதான். எடுத்துடலாம்."

கெருபோ அதிசயமாகத் தலைவர் பக்கம் சேர்ந்தாள். "விஷயத்துக்கு வா மொமான்யி. யார் அவளைச் செத்துட்டான்னு சொன்னாங்க?"

ஓட்டெடுப்பில் மூன்றுக்கு ஒன்று. மொமான்யி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அந்த வரி இல்லாமல் புதுத்தாளில் மறுபடி எழுதினான். போசிபோரி கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாய் மடித்தார்கள். மாமா உறையின் பசையைத் தானே நக்கி ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தார். மேலே அனுப்புநர் இடத்தில் போசிபோரியின் முழுப் பெயர், கொட்டை எழுத்தில்.

"பெட்டியை நம்பவேண்டாம். தபால்காரி கையிலயே கொடுத்துடுவோம். அதுக்கு முன்னாடி ஜெபம்."

உறையை அவள் படத்தின் காலடியில் வைத்து எல்லாரும் கண்ணை மூடினார்கள். பாட்டு ஏறியது. நியாபோகே அக்கா தேம்ப ஆரம்பித்தாள். அப்போது கதவை யாரோ மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினார்கள்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மாமா பாடிக்கொண்டே உறையை எடுத்து சமையலறைப் பக்கம் நீட்டினார். போசிபோரி வாங்கிக்கொண்டு, நெற்றியில் விழுந்த முடியை மாவுக் கையாலேயே ஒதுக்கினாள். மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் வெள்ளை. அந்தக் கோலத்தோடே போய்க் கதவைத் திறந்தாள்.

தபால்காரி தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தபடி நின்றுகொண்டிருந்தாள். நிமிரவில்லை. நீட்டிய உறையை வாங்கி அப்படியே தோள்பைக்குள் போட்டாள். பையின் வாரை இழுத்துப் பூட்டினாள்.

"அவசரமாப் போகணும்" என்றாள் போசிபோரி. "உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன். நான்தான் போசிபோரி."

தபால்காரி மெல்ல நிமிர்ந்தாள். வெள்ளை பூசின அந்த முகத்தைப் பார்த்தாள். தோளுக்கு மேலாக உள்ளே எட்டி, நாற்காலியில் பூக்களுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ... 'இவர் இறந்துவிட்டார்'னு எழுதி, செவ்வாய்க்கிழமை உன் கவரைத் திருப்பி அனுப்பினதே நான்தானேம்மா!"