ஒரு ரவுண்டு போய் வரலாம்

தட்டாஞ்சாவடியில் எடுத்த வண்டியை லூர்துபிரகாஷ் அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். பெண்டாட்டிக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டதுதான் தப்பு. முதலியார்பேட்டையில் வீட்டு வாசலில் மச்சான் கிறிஸ்துதாஸ் நின்றுகொண்டிருந்தார். பிரான்சிலிருந்து நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த மனுஷன்.

வண்டி லூர்துவுடையது இல்லை. செகண்ட் ஹேண்டில் விலைக்கு வந்த ஜெர்மன் வண்டி. பின்னால் நாலு சைலன்ஸர், ஐநூறு குதிரை சக்தி. புரோக்கர் அன்பழகன் போனில் விவரம் சொல்லியிருந்தான். தான் ஒரு கல்யாணப் பந்தியில் இருப்பதாகவும், ஷெட் வாசலில் வண்டியும் சாவியும் இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பார், ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள் என்றும் சொன்னான். போய்ப் பார்த்தால் கட்டம்போட்ட சட்டையில் ஒருவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்பழகன் சொன்னாரா?" என்று கேட்டான் லூர்து.

"சொன்னாரு."

"ஒரு ரவுண்டு போலாமா?"

"அதுக்குத்தான நிக்கிறேன்" என்று அவர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். ஐநூறு குதிரைகளும் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து முதலியார்பேட்டை வந்து சேர்ந்தன.

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கை ஜெர்லின், பாட்டில் மூடி செய்கிற லூர்துவைக் கட்டிக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு லீவுக்கும் வந்து, இவர்களுடைய பழைய சின்னக் காரின் பானெட்டைத் தட்டி, "இன்னும் ஓடுதா மாப்ள?" என்று மட்டும் கேட்பார். அவர் போன பிறகு ஜெர்லின் சமையலறையில் நின்று அழுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் லூர்து தகுதிக்கு மீறி இப்படி ஒரு வண்டியைத் தேடவே கிளம்பினான்.

மச்சான் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு வண்டியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை வாசலுக்கு வந்த ஜெர்லினும் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

"எங்களுதுதாண்ணே. இன்னைக்குத்தான் எடுத்தோம்" என்றாள்.

லூர்து சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, பின்சீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தார். ஜெர்லினின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை லூர்து கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

"உள்ள யாரு?" என்றார் மச்சான்.

"டிரைவர்."

"டிரைவர் பின்னாடி, மொதலாளி முன்னாடியா?"

புது ஆள், ஊர் வழி பழகுகிறார் என்று லூர்து சமாளித்தான். மச்சான் பானெட்டை இரண்டு விரலால் தடவி, "த்ரே பியான்" என்றார். அந்த மனுஷன் பிரெஞ்சில் மெச்சினால் நிஜமாகவே மெச்சுகிறார் என்று அர்த்தம்.

அதற்குள் ஜெர்லின் வில்லியனூர் மாதா கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து நாலு பக்கமும் தெளித்தாள். பக்கத்து வீட்டுச் சுமலதா சும்மா இருப்பாளா? சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். அடுத்தவன் வண்டிக்கு இரண்டு மதத்திலும் பூஜை முடிந்தது. பின்சீட்டுக்காரர் இறங்கிப் பக்தியோடு கற்பூரத்தை ஒற்றிக்கொண்டார். லூர்து அவருக்குத் தட்டு நிறைய முறுக்கும் டீயும் கொடுத்து, கண்ணாலேயே கெஞ்சினான். அவரும் தலையை ஆட்டினார். தங்கமான மனுஷன் என்று லூர்துவுக்குத் தோன்றியது.

அன்பழகன் போன் செய்தான். வண்டியைக் கேட்கத்தான் கூப்பிடுகிறான், எடுத்துப் பேசினால் மச்சான் காதில் விழும். லூர்து கட் பண்ணினான். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினான். மூன்றாவது தடவை போனையே அணைத்துவிட்டான்.

அப்போதுதான் மச்சான், கருவடிக்குப்பத்துச் சித்தி வீடு வரை போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றார். டிரைவர் ஓட்டட்டும், நாம் மூன்று பேரும் பின்னால் கௌரவமாக உட்காருவோம் என்று வேறு சொன்னார். லூர்து கட்டம்போட்ட சட்டைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் நீங்க ஓட்றீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானே கேக்கலாம்னு இருந்தேன் சார்."

ஓட்டினாரே ஒரு ஓட்டு. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஈ.சி.ஆரில் சீறிப் பாய்ந்தார், நடுவில் திடீரென்று பிரேக் அடித்தார், மச்சானின் கூலிங்கிளாஸ் கீழே விழுந்தது. சித்தி வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பொருள் சேதமாகியிருக்கிறதா என்று அன்பழகனுக்குக் கணக்குச் சொல்லத்தான் பார்க்கிறார் என்று லூர்து நினைத்தான். டிரைவர் பொறுப்பான ஆள் என்று மச்சான் பாராட்டினார்.

மறுபடி முதலியார்பேட்டை. எல்லாரும் இறங்கினார்கள். கிறிஸ்துதாஸ் தங்கையின் தோளில் கைவைத்து, லூர்துவைப் பற்றித் தான்தான் தப்பாக நினைத்துவிட்டதாகச் சொன்னார். ஜெர்லினின் கண் கலங்கியது. இனி வண்டியை எப்படியாவது நைசாக ஷெட்டில் விட்டுவிட்டால் போதும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று லூர்து பெருமூச்சு விட்டான்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் எல்லார் முன்னாலும் வந்து சாவியை அவன் கையில் மரியாதையாக வைத்தார்.

"வண்டி எனக்குப் புடிச்சிப் போச்சு சார். ஆனா குடும்பமே இவ்ளோ ஆசையா வச்சிருக்கீங்க, இத ஏன் விக்கிறீங்க?"